தொய்வு விடாத கயிறு

லிஃப்ட் பழுதுபார்த்தே காலம் கழித்த லிஃப்ட்காரருக்கு நீச்சல் தெரியாது. கடல் காற்று பட்டால் தும்மல் வரும். வாழ்க்கையில் அவர் படகு ஏறியது ஒரே ஒரு முறை, அதுவும் ஆற்றைக் கடக்க, கண்ணை இறுக மூடிக்கொண்டு. அப்படிப்பட்ட மனிதர் ஐம்பத்தொன்பதாவது வயதில், குடியிருந்த இரண்டறை வீட்டை விற்றுவிட்டு, இருபத்தெட்டு அடி நீளத்தில் ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கி அதிலேயே குடியேறினார் என்றால் ஊர் சும்மா இருக்குமா? மகள் தொலைபேசியில் அழுதுகொண்டே கேட்டாள். பழைய மேற்பார்வையாளர் சிரித்துக்கொண்டே கேட்டார். புத்தி கித்தி பிசகிவிட்டதா என்பதுதான் இரண்டு பேருடைய கேள்வியும்.

பிசகவில்லை. ஆசை அவருடையதே இல்லை, அவர் மனைவியுடையது. அவள் இருபத்தாறு வருடம் நூற்பாலையில் வேலை பார்த்தவள். அக்கம்பக்கத்தில் மில்லுக்காரி என்றால்தான் தெரியும். இயந்திர இரைச்சலில் கத்திக் கத்திப் பழகிப்போனவள், வீட்டில் உப்பு எங்கே என்று கேட்டாலும் சண்டைக்கு வருவது போலத்தான் இருக்கும். அந்த மில்லின் பஞ்சுத் தூசி அவள் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டு, கடைசியில் மூச்சுக்கே இடம் விடவில்லை. இனிமேல் மருந்து கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும், ஆறு மாதம், கூடிப்போனால் எட்டு என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அதைக் கேட்டுவிட்டு வெளியே வந்து இருவரும் ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடி ஜன்னலோரம் நின்றார்கள். லிஃப்ட் வேலை செய்யவில்லை. வேறு நாளாக இருந்தால் எந்த ரோப்பில் கோளாறு என்று எட்டிப் பார்க்காமல் அவர் நகர்ந்திருக்க மாட்டார். அன்று அது கண்ணிலேயே படவில்லை. கீழே கடலில் மூன்று பாய்மரப் படகுகள் போய்க்கொண்டிருந்தன.

"ஏங்க, சத்தமே கேக்கலயே. எப்படிப் போகுது?" என்றாள்.

காற்றில்தான் என்றார். வெறும் காற்றிலா என்று கேட்டாள். மோட்டாரையே நம்பிப் பிழைத்த மனிதர், அரைமனதாக ஆமாம் என்று ஒப்புக்கொண்டார். அவள் மூச்சுக்காக நான்கு இடத்தில் நின்று நின்று வீடு வந்து சேர்ந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது சொன்னாள்.

"எனக்குத் தூக்கத்துலகூட மில்லு ஓடுதுங்க. ஒரு தடவ அந்தப் படகுல போகணும். மோட்டார நிறுத்திட்டு, சத்தமில்லாம. ஒரே ஒரு தடவ."

கல்யாணமான முப்பத்துமூன்று வருடத்தில் அவள் தனக்கென்று எதையும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இவர் செய்திருப்பாரா என்பதும் சந்தேகம்தான். அந்தச் சந்தேகம்தான் அவரைப் படகு விற்கிறவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது. ஒரு நாளைக்கு யாரிடமாவது கேட்டுப் போய்விட்டு வந்தால் போதாதா என்று மகள் கேட்டாள். போதும்தான். ஆனால் மாடிப்படி ஏறினாலே உதடு நீலம் பாரிக்கிற பொம்பளையை எவன் தன் படகில் ஏற்றுவான்? தவிர, தூசியில்லாத இடத்தில் வைத்திருங்கள் என்று டாக்டரும் சொல்லியிருந்தார். லாரி ஓடும் தெருவைவிடக் கடல் மேல் என்று இவராகவே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டார்.

படகுக்குள் குடித்தனம் என்பது பீரோவுக்குள் குடித்தனம் மாதிரி. ஒருவர் நிமிர்ந்தால் இன்னொருவர் குனிய வேண்டும். முதல் வாரத்தில் லிஃப்ட்காரர் தலையில் மூன்று புடைப்பு வாங்கினார். ஒவ்வொரு முறையும் அவள் சிரித்தாள், சிரித்துவிட்டு இருமினாள், இருமி முடித்ததும் மீதியைச் சிரித்தாள். அடுப்பு ஒன்று, அதுவும் படகு ஆடினால் தானும் ஆடும். கழிவறையில் தண்ணீர் விட ஒரு பம்பைப் பதினைந்து தடவை அடிக்க வேண்டும். வயதான காலத்தில் இதெல்லாம் தேவையா என்று அவர் முணுமுணுக்காத நாளில்லை. ஆனால் அவள் காலையில் மேல்தட்டில் உட்கார்ந்து காற்று வாங்கும்போது முகம் தெளிந்திருப்பதைப் பார்த்தால் வாயை மூடிக்கொள்வார்.

பக்கத்துப் படகில் ஒரு பல் டாக்டரம்மா தனியாகக் குடியிருந்தாள். முப்பது வருடம் வாய் திறந்து கிடப்பவர்களிடம் பேசிப் பழகியவள் என்பதால் பதில் வருகிறதா என்று பார்க்காமல் பேசிக்கொண்டே போவாள். அவளுக்குப் படகு தண்ணீர் பட்ட பாடு. பாயை ஏற்ற, இறக்க, சுக்கான் பிடிக்க எல்லாவற்றையும் ஒரு மாதத்தில் இவருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு, காற்று தோதாக வரும் முதல் வாரத்தில் தானே கூட வந்து இருவரையும் அலைதடுப்புச் சுவருக்கு வெளியே கூட்டிப்போவதாக ஏற்பாடு. துறைக்குள் மோட்டார் போட்டுத்தான் போக வேண்டும். முகத்துவாரம் தாண்டிவிட்டால் நிறுத்திவிடலாம்.

மில்லுக்காரி நாள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

கடலுக்குப் போக இருந்ததற்கு முந்தின வாரம் ஒரு பரிசோதனைக்காக அவளை இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தது. போகிற அன்று காலையில் லிஃப்ட்காரர் படகைத் துறைச் சுவரோடு சேர்த்துக் கட்டியிருந்த கயிறுகளைப் பார்த்தார். பல் டாக்டரம்மா கட்டியவை அவை. நடுவில் தொங்கிக்கொண்டு கிடந்தன. பார்த்த நாள் முதல் அதைப் பார்த்தாலே அவருக்குக் கை அரித்தது.

அவர் தொழிலில் தொய்வு என்ற சொல்லே ஆகாது. ஒரு ரோப் தொய்ந்தால் மற்ற ரோப் பாரம் வாங்கும். பாரம் வாங்கிய ரோப் அறுந்தால் ஆள் காலி. முப்பத்தொரு வருடம் ஒவ்வொரு ரோப்பையும் விரலால் தட்டிப் பார்த்து, எல்லாம் ஒரே மாதிரி விறைப்பாக இருக்கிறதா என்று உறுதி செய்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்திருக்கிறார். ஒரு விபத்துகூட அவர் பெயரில் இல்லை. இரண்டு நாள் படகு தனியாகக் கிடக்கப்போகிறதே என்ற அக்கறையில், நான்கு கயிறுகளையும் அவிழ்த்து, காலால் உதைத்து இழுத்து, இம்மியும் தொய்வில்லாமல் கட்டினார். தட்டிப் பார்த்தார். நான்கும் ஒரே மாதிரி அதிர்ந்தன. நிம்மதியாகப் போனார்.

கடல் ஒரு நாளில் இரண்டு தடவை ஏறி இரண்டு தடவை வடியும் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. பல் டாக்டரம்மா சொல்லியிருந்தாள். படகும் அதோடு ஏறி இறங்கும் என்பது கண்ணால் தினம் பார்த்ததுதான். ஆனால் கயிற்றில் கை வைத்தபோது கை முப்பத்தொரு வருடப் பழக்கத்தில் வேலை செய்தது, புத்தி வேடிக்கை பார்த்தது. அவர் கட்டியது கடல் நிறைந்து நின்ற நேரம்.

மாலையில் தனியாகத் திரும்பி வந்தபோது துறையில் ஆட்கள் கூடியிருந்தார்கள். தண்ணீர் ஒரு ஆள் உயரத்துக்கு வடிந்திருந்தது. இறங்க வழியில்லாத படகு கயிறுகளிலேயே தூக்கில் தொங்கியிருக்கிறது. கயிறு கட்டும் இரும்புக் கொம்புகள் மேல்தட்டைப் பிய்த்துக்கொண்டு வர ஆரம்பித்திருக்கின்றன. படகு ஒருக்களித்துக் கவிழ இருந்த நேரத்தில் துறைக் காவல்காரர் ஓடி வந்து கத்தியால் கயிறுகளை அறுத்திருக்கிறார். அறுத்ததும் படகு கீழே விழுந்து, சுவரின் அடிக்கல்லில் மோதி, வயிற்றில் ஒரு கை நீளத்துக்கு விரிசல். பல் டாக்டரம்மாவும் காவல்காரரும் பம்பு வைத்துத் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார்கள். 

கிரேன் வந்து படகைத் தூக்கித் தரையில் வைத்தது. முட்டுக் கொடுத்து நிறுத்தினார்கள். காய வேண்டும், செதுக்க வேண்டும், அடுக்கடுக்காகப் பூச வேண்டும், மறுபடி காய வேண்டும், ஐந்து வாரம் என்றார் படகுப் பட்டறைக்காரர். ஐந்து வாரம். எட்டு மாதத்தில் ஏற்கெனவே மூன்று மாதம் போயிருந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்திருந்த மனைவியிடம் எப்படிச் சொல்வது? நான்தான் என்ற சொல் தொண்டை வரை வந்தது. அவள் கண்ணைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டது. காவல்காரர் கயிற்றை அறுத்துவிட்டார், படகு கல்லில் மோதிவிட்டது என்றார். ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஆனாலும் சுத்தப் பொய்.

படகு தரையில் இருந்தாலும் குடித்தனம் அதில்தான்; வேறு வீடு ஏது? செதுக்கும் தூசி மேலே வராமல் பட்டறைக்காரர் கீழே படுதா கட்டிக் கொடுத்தார். மேலே ஏறப் பன்னிரண்டு படி ஏணி. அவளால் மூன்று படிகூட ஏற முடியாது. லிஃப்ட்காரர் ஒரே நாளில் கப்பி, கயிறு, ஒரு பழைய நாற்காலி வைத்து அவளுக்கென்று ஒரு லிஃப்ட் செய்துவிட்டார். அவள் உட்காருவாள், இவர் இழுப்பார், குலுங்காமல் மேலே போவாள். பட்டறைக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவள் ராணி மாதிரி கையசைத்தாள். அன்றைக்கு லிஃப்ட்காரர் கொஞ்சம் தப்பித்துக்கொண்டது போல உணர்ந்தார்.

தப்பிக்கவில்லை. மில்லுக்காரி தொழிற்சங்கத்தில் இருந்தவள். அநியாயத்தைக் கேட்காமல் விட்டதாக அவள் சரித்திரத்திலேயே கிடையாது. மூன்றாம் நாள் காலையில், தன்னைக் கீழே இறக்கச் சொன்னாள்.  துறையின் நீளம் முழுக்க, பத்தடிக்கு ஒருமுறை நின்று, கம்பியைப் பிடித்து, காவல்காரரின் கூண்டை நோக்கி நடந்தாள். லிஃப்ட்காரர் வேண்டாம் வேண்டாம் என்று பின்னாலேயே போனார். 

கூண்டின் முன்னால் நின்று அவள் கேட்டாள். அடுத்தவன் பொருளை அறுக்க உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது, எனக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று உனக்குத் தெரியுமா என்று கேட்டாள். ஒரு வாக்கியத்துக்கு நான்கு தடவை மூச்சு வாங்கினாள். இழுத்து இழுத்துச் சேர்த்த மூச்சையெல்லாம் அந்த மனிதர் மேல் கொட்டினாள். உதடு நீலமாகிவிட்டது. காவல்காரர் எழுந்து நின்று எல்லாவற்றையும் கேட்டார். ஒரு தடவை அவள் தோளுக்கு மேலாக லிஃப்ட்காரரைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அம்மா, உக்காருங்க மொதல்ல. மத்தத உங்க வீட்டுக்காரர்கிட்டக் கேளுங்க."

அவள் திரும்பினாள். லிஃப்ட்காரர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

"அவர் மேல தப்பில்ல. நான்தான் கயித்த இழுத்துக் கட்டினேன். அவர் அறுக்கலன்னா படகே கவிழ்ந்திருக்கும்."

அவள் இவரை ஏற இறங்கப் பார்த்தாள். திட்டினால் தேவலை என்று இருந்தது. அவள் காவல்காரரிடம் திரும்பி, மன்னிச்சிடுங்க தம்பி என்றாள். அவ்வளவுதான். வந்த வழியே, அதே கம்பியைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பிடிக்க இவர் கை நீட்டியபோது தட்டிவிட்டாள்.

நான்கு நாள் பேசவில்லை. கோபமென்றாலும் மேலே போக அந்த நாற்காலியை விட்டால் வழியில்லை. வந்து உட்காருவாள், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வாள், இவர் இழுப்பார். பீரோவுக்குள் குடித்தனம் செய்யும் இருவர் பேசாமல் இருப்பது எவ்வளவு கொடுமை என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். குனிந்தாலும் நிமிர்ந்தாலும் அவள்தான். கை பட்டால் இரண்டு பேரும் சுட்டுக்கொண்டது போல விலகினார்கள். இருக்கும் நாட்களில் நான்கு நாள் இப்படிப் போகிறதே என்று அவர் உள்ளுக்குள் துடித்தார். அதைச் சொல்லவும் தனக்கு யோக்கியதை இல்லை என்று நினைத்தார்.

ஐந்தாம் நாள் அவர் நாற்காலியைப் பாதி உயரத்துக்கு இழுத்தபோது, மேலே இருந்து குரல் வந்தது. நிறுத்துங்க என்றாள். நிறுத்தினார்.

"பேசாம இருந்தா மூச்சு மிச்சமாகும்னு பாத்தேன். கோவத்துக்கும் மூச்சு செலவாகுது."

அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். விட்டால் அவள் விழுவாள். கண்ணைத் துடைக்கக்கூடக் கை காலியாக இல்லை.

"கயிறு கட்டத் தெரியலன்னா விட்டுடலாம். ஒரு அப்பாவி மேல என்னைக் கத்த விட்டீங்க பாருங்க, அதத்தான் தாங்க முடியல. இனிமே என்கிட்டப் பொய் சொல்லாதீங்க. என் நல்லதுக்குன்னு தோணினாலும் சொல்லாதீங்க."

சரி என்றார். சத்தியமா என்று கேட்டாள். சத்தியமா என்றார். இழுங்க என்றாள். மேலே போய்ச் சேர்ந்ததும், தலையிலே இடிச்சுக்காம வாங்க என்று குரல் கொடுத்தாள்.

விரிசல் ஐந்து வாரத்தில் சரியாகவில்லை, ஏழு வாரம் ஆனது. படகு மறுபடி தண்ணீரில் இறங்கிய இரண்டாம் நாள், காற்றுக்காகக் காத்திருந்தபோது, அவளுக்கு மூச்சு அடைத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் இந்தத் தடவை ஜன்னல் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து இருந்தது. கடல் தெரியவில்லை. வெளியே கூட்டிப்போவது பற்றி இனிமேல் யோசிக்காதீர்கள் என்று டாக்டர் இவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். உள்ளே வந்து இவர் அதை அப்படியே அவளிடம் சொன்னார். சத்தியம் செய்தாயிற்றே.

அவள் ஆக்ஸிஜன் முகமூடியைக் கொஞ்சம் விலக்கினாள். தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அப்ப நீங்க போய்ட்டு வாங்க. மோட்டார நிறுத்துங்க. எப்படி இருக்குன்னு எனக்கு வந்து சொல்லுங்க."

மறுநாள் காற்று தோதாக இருந்தது. பல் டாக்டரம்மா சுக்கானைப் பிடித்தாள். அன்றைக்கு அவள்கூட அதிகம் பேசவில்லை. துறையைத் தாண்டி, கட்டிக் கிடந்த படகுகளைத் தாண்டி, அலைதடுப்புச் சுவரின் நுனி வரை போனார்கள். வெளிக்கடலின் முதல் அலை படகைத் தூக்கியது. மேல்தட்டில் அவளுக்காக இவர் போட்டு வைத்திருந்த மெத்தை காலியாகக் கிடந்தது. அவள் ஆசைப்பட்டதை அவள் இல்லாமல் நான் அனுபவிப்பதா என்று தோன்றியது. திருப்புங்க என்றார். நன்றாக யோசித்துத்தான் சொல்கிறீர்களா என்று டாக்டரம்மா கேட்டாள். திருப்புங்க என்றார் மறுபடியும்.

அன்று மாலை மில்லுக்காரி தலையணையை உயர்த்தி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். தலை வாரியிருந்தாள். என்ன இருந்தாலும் கதை கேட்கப் போகிறாள் அல்லவா. அந்த முகத்தைப் பார்த்ததும், ஒரு நிமிஷம், போனேன், பிரமாதமாக இருந்தது என்று சொல்லிவிடலாமா என்று தோன்றியது. சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள்.

"முகத்துவாரம் வரைக்கும் போனேன். நீ இல்லாம தாண்ட மனசு வரல. திரும்பிட்டேன்" என்றார்.

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அடிக்கக் கையில் பலமில்லை. நெற்றியைத் தொட்டுவிட்டுக் கை விழுந்தது.

"நான் உங்கள எதுக்கு அனுப்பினேன்? எனக்காகப் போகச் சொன்னா எனக்காகத் திரும்பி வர்றீங்களா?" கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "நாளைக்குப் போங்க. போகாம வந்து என் மூஞ்சியில முழிக்காதீங்க."

பொய் சொல்லாததற்கு ஒரு சின்னச் சிரிப்பும் கிடைத்தது.

மறுநாள் டாக்டரம்மாவோடு போனார். படகு முகத்துவாரம் தாண்டியது. பாய் ஏறும்போது கயிறு சிக்கியது, அவிழ்த்தார். அலை தூக்கித் தூக்கிப் போட்டது.  மோட்டாரை அவரே நிறுத்தினார். ஒரு மணி நேரம் காற்றிலேயே போனார்கள். லிஃப்ட்காரர் அந்த ஒரு மணி நேரமும் பாடம் படிக்கிற பையன் மாதிரி ஒவ்வொன்றாக மனதில் வாங்கிக்கொண்டே வந்தார். ஒன்று விடாமல் போய்ச் சொல்ல வேண்டுமே. உப்பு காய்ந்த சட்டையோடு நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடினார். லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியேறினார்.

மத்தியானத்திலிருந்து நினைவில்லை என்றாள் நர்ஸ். இனித் திரும்புவது சந்தேகம் என்றும் சொன்னாள். முகமூடிக்குள் மூச்சு மட்டும் போய் வந்துகொண்டிருந்தது. மில்லுக்காரி காலையில் இரண்டு தடவை அவர் வந்தாச்சா என்று கேட்டாளாம். லிஃப்ட்காரர் கட்டில் ஓரம் உட்கார்ந்தார். நேற்று மாலை அவள் தலை வாரிக்கொண்டு உட்கார்ந்திருந்த அதே கட்டில்.

"காது கேக்கும்னு சொல்லுவாங்க. பேசுங்க அய்யா" என்றாள் நர்ஸ்.

அவர் அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"போய்ட்டு வந்தேன். மோட்டார நிறுத்தினேன். சத்தமே இருக்காதுன்னு நெனச்சே இல்ல, அப்படி இல்ல. தண்ணி அடிக்கிற சத்தம் இருக்கு. பாய் படபடங்குது. மரம் முனகுது. ஆனா மெதுவா பேசினாலே பக்கத்துல இருக்கறவங்களுக்குக் கேக்குது. கத்தவே வேண்டாம்."

கயிறு சிக்கியதைச் சொன்னார். இரண்டு தடவை வாந்தி எடுத்ததையும் பல் டாக்டரம்மா வாளி பிடித்ததையும் சொன்னார். கரை சின்னதாகப் போனதும் பயத்தில் அழுகை வந்ததைச் சொன்னார். நேற்றே போயிருக்க வேண்டும், அது என் தப்பு என்றும் சொன்னார். எல்லாம் சொல்லி முடித்த பிறகும் எழுந்துபோக மனம் வரவில்லை. அவள் கேட்டிருக்கக்கூடிய கேள்விகளையும் அவரே ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு, பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்று நர்ஸ் வந்து சொல்லும்வரை, மெதுவான குரலில் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.